ஒரு தொழிலுக்கு ஒரு சீட்

எங்கள் கடைக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. போர்டு கிடையாது, நிழற்குடை கிடையாது, ஒரு வேப்பமரம்தான் உண்டு. அந்த இடத்தை ஸ்டாப் ஆக்கியவன் என் அண்ணன் பிலவேந்திரன். தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். நாங்கள் கடை திறந்த அன்றைக்கே படியில் தொங்கிக்கொண்டு, "ஜெனிஷா கடையெல்லாம் எறங்கு!" என்று கத்தினான். இறங்குவதற்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் பஸ் நின்றது. தினமும் நின்றது. கொஞ்ச நாளில் சந்தைக்குப் போகிற பெண்களே "ஜெனிஷா கடைக்கு ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடை போர்டில் என்னவோ 'ஜோஸ்வின் டிரிப்ஸ், சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள்' என்றுதான் இருக்கிறது. ஜோஸ்வின் என் வீட்டுக்காரர். போர்டுக்குப் பெயிண்டு அடித்த காசு வீண் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. மழை வந்தால் ராகி, வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். போர் போட்டு தண்ணீர் பார்த்தவன்தான் சொட்டுநீர் கேட்டு வருவான். அவனும் மானியம் வரட்டும் என்று உட்கார்ந்துவிடுவான். நானும் அவரும் இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் யாரோ அவரை வணிக வட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

தகடூர் வணிக வட்டம். புதன்கிழமை தோறும் விடிகிற நேரத்தில் தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவார்கள். எல்லோருக்கும் கோட்டு. சித்திரை மாதத்திலும் கோட்டு. அங்கே ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு சீட். பேட்டரிக்கு ஒருவர், போர்வெல்லுக்கு ஒருவர், ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒருவர், கண் ஆஸ்பத்திரிக்கு ஒருவர். உள்ளே இருக்கிறவர் போகும்வரை அதே தொழில் செய்கிற வேறு ஆள் உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ரெஃபரல் என்று பெயர். வாரம் ஒரு ரெஃபரலாவது இல்லாமல் யாரும் போகக் கூடாது. கொடுத்த ரெஃபரல் வியாபாரமாகிவிட்டால் வாங்கினவர் எழுந்து நன்றி சொல்லி, மேஜை மேல் இருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

"பூசையில அடிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் நக்கல்" என்றார்.

நக்கல் பண்ணினாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வட்டத்தால் கடை நிமிர்ந்தது. போர்வெல் சென்னப்பன் எங்காவது தண்ணீர் பார்த்தால் சேறு காய்வதற்குள் எங்களுக்குப் போன் போட்டுவிடுவார். அந்த வருஷம் குழாய்ச் சுருள்கள் டிராக்டரில் போயின. ஆனால் திருப்பிக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? என் போன் இருந்தது. அதிலிருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ரெஃபரல் ஆனார்கள். சின்னம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாளே கண் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னம்மாவுக்குப் போன். அத்தை மகன் வீடு கட்ட வாஸ்து பார்ப்பதற்குள் டைல்ஸ்காரர் அவன் வாசலில் நின்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் கோவிலை விட்டு வெளியே வந்தால், எங்களிடம் சிக்கிவிடக் கூடாது என்று சனம் செருப்பைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது.

"போதும், வுட்டுத் தொலைங்க" என்றேன் ஒரு நாள்.

"வுட்டா பென்னாகரம் ரோட்டு மாதேஷ் என் சீட்டுல வந்து உக்காந்துக்குவான். அவனும் டிரிப்ஸ்தான். காத்துக்கிட்டு நிக்கிறான். அப்பறம் சென்னப்பண்ணன் அவனுக்குத்தான் போன் போடுவாரு."

உள்ளே இருந்தால் மூச்சு முட்டுகிறது, வெளியே வந்தால் பிழைப்பு போகிறது. வாசலே இல்லாத வீட்டில் எங்களை நாங்களே வைத்துப் பூசிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பையன் குட்டி பிறந்தான். பிறந்ததே அண்ணன் பஸ்ஸால்தான். அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்காகப் போகும்போது பஸ்ஸிலேயே வலி கண்டுவிட்டது. அண்ணன் டிரைவரிடம் போய் என்ன சொன்னானோ, அதன் பிறகு பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. நேராகத் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. முதலில் ஏசிய சனம் பிறகு எனக்கு விசிறிவிட்டது. சந்தைக்குச் சேவல் கொண்டுபோன ஒரு பெரியவர், இறங்க முடியாமல், சேவலோடு ஆஸ்பத்திரி வரை வந்தார். பஸ் முதலாளி அண்ணனைக் கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். அவன் கவலைப்படவே இல்லை. அவனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் குட்டியை வாங்கிக்கொண்டவன் நர்ஸ் வந்து கேட்கும்வரை கொடுக்கவில்லை. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர்தான் சொன்னார், அவர் வாயாலேயே சொன்னார்:

"மச்சான், இவனுக்கு நீங்கதான் ஞானத்தகப்பன். வேற பேச்சே இல்ல."

ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவர் ஞானத்தகப்பன். பெற்றவனுக்கு ஒன்று ஆனாலும் இந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கோவிலில் வாக்குக் கொடுப்பவர். சாகும்வரை அந்த உறவு அறாது. எங்கள் சனத்தில் இதற்கு ஒரு கட்டு உண்டு. ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கேட்டவனும் கேட்டதைத் திருப்பி வாங்கக் கூடாது. இரண்டுமே பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிள்ளைக்கு வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியும் வாங்கி வருவது ஞானத்தகப்பன் பொறுப்பு. அண்ணன் அடுத்த வாரமே தர்மபுரியில் கடை கடையாக ஏறி ஒரு வெள்ளை உடுப்பு வாங்கி வந்தான். அதில் குட்டி மாதிரி இரண்டு பிள்ளைகளைப் போடலாம். "வளருவான்ல" என்றான்.

இப்போது ஆண்டனி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தர்மபுரியில் நர்சிங் கல்லூரி நடத்துகிறவர். தீர்த்தமலை போகிற வழியில் கண்ணுக்கெட்டிய தூரம் அவருடைய மாந்தோப்பு. எங்கள் சனம்தான். அவர் வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்திலும் அந்தத் தோப்புதான். அத்தனை மரத்துக்கும் சொட்டுநீர் போட்டால் கடைக்கு இரண்டு வருஷம் கவலை இல்லை. ஆனால் ஆண்டனி சாருக்கு என்ன செய்தி அனுப்பினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்தான் வரும்.

வட்டத்தின் தலைவர் மாதவராஜ், பேட்டரிக்காரர். அவர் தன் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் ஒரு கிரானைட் முதலாளி மடியில் உட்கார வைத்தாராம். மாமன்காரன் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டானாம். அடுத்த மாதம் கிரானைட் கம்பெனி முழுக்க மாதவராஜ் பேட்டரி. வியாபாரத்தை உறவாக்குவது எப்படி என்று வட்டத்தில் இதைப் பாடமாகவே சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். என் வீட்டுக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

ஒரு புதன்கிழமை வட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர் கோட்டைக் கழற்றிய கையோடு குட்டியின் துணியை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டார். கேட்காமலே காப்பி போட்டுக் கொடுத்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, பேனர் நல்லா இருக்குது" என்றான்.

"எந்த பேனர்ண்ணா?"

"உங்க கடைக்கு எதுத்தாப்ல. வேப்பமரத்துல கட்டியிருக்காங்க. பையன் நல்லா சிரிக்கிறான்."

பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. ஒரு விசில் அடித்து, "ரைட், போலாம்" என்று யாரிடமோ சொன்னான். அப்புறம் போன் கட்டாகிவிட்டது.

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். மரத்தின் பாதியை மறைத்து ஒரு பேனர். நடுவில் ஆள் உயரத்துக்கு ஆண்டனி சார் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். மேலே 'ஞானத்தந்தையாக வருகை தரும் கல்வி வள்ளலை வருக வருக என வரவேற்கிறோம்'. ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் குட்டி. இன்னொரு வட்டத்தில் கோட்டுப் போட்ட என் வீட்டுக்காரர். கீழே வரிசையாக வட்டத்து ஆட்கள், அவரவர் கடைப் பெயரும் போன் நம்பரும். பெற்றவள் படம் எங்கேயும் இல்லை. ஒரு பேட்டரியின் படம் இருந்தது.

அன்றைக்கு நான் கடையில் கத்தியது தர்மபுரி வரை கேட்டிருக்கும்.

"எங்கண்ணங்கிட்ட குடுத்த வாக்கு என்னாச்சு? ஆஸ்பத்திரியில சொன்னது யாரு, நீங்களா வேற ஆளா?"

"மெதுவா பேசு, ஆளுங்க வராங்க."

"வரட்டும். கேக்கட்டும். அவரா கேட்டாரா, நீங்களா போயிக் கேட்டீங்களா?"

அவர் குழாய்ச் சுருளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வாரம் என்கிட்ட ரெஃபரல் ஒண்ணியும் இல்ல ஜெனி. அதுக்கு முந்தின வாரமும் இல்ல. எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சு குடுக்கறாங்க. என் முறை வந்துடுச்சு. மாதவராஜ் சார் என்னையே பாக்கறாரு. வெறுங்கையோட நிக்க முடியல. சட்டுனு ஆண்டனி சாரைப் பாத்து, எம்பையனுக்கு நீங்க ஞானத்தகப்பனா நிக்கோணும்னு கேட்டுட்டேன்."

"ரெஃபரல் இல்லைன்னு புள்ளையக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கேட்டாகிவிட்டது. ஆண்டனி சாரும், கேட்டால் மறுக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. எல்லோரும் கை தட்டியாகிவிட்டது. இனி திருப்பி வாங்கினால் தோப்பு போகும், சீட்டு போகும், எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளைக்கு ஆகாது. எந்தப் பக்கம் கை வைத்தாலும் சுவராக இருந்தது.

நான் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். இரண்டு பேரை ஞானத்தகப்பனாக வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு தகப்பன், ஒரு தாய். அவ்வளவுதாம்மா" என்றார் ஃபாதர். "ஞானத்தாய்க்கு உன் நாத்தனார் ஜெயராணி பேரு குடுத்திருக்கீங்க. தகப்பனுக்கு ஒருத்தர் பேரு முடிவு பண்ணி வந்து சொல்லுங்க."

கோவிலிலும் ஒரே ஒரு சீட்டுதான்.

கடைசியாக ஆண்டனி சாரிடமே பேசிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞானத்தகப்பனை வீட்டார் பழத்தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். அந்தச் சாக்கில் என் வீட்டுக்காரரோடு கல்லூரிக்குப் போனேன். வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: 'சார், எங்கண்ணனுக்கு முன்னாடியே வாக்குக் குடுத்துட்டோம். நீங்களா பெருந்தன்மையா அவனை நிக்கச் சொன்னீங்கன்னா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல.' நல்ல மனிதர் என்றால் புரிந்துகொள்வார்.

அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் அவர் கையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு குழந்தை. அவர் தலைமுடி மட்டும் படத்துக்குப் படம் நரைத்துக்கொண்டே வந்தது.

"எல்லாம் எம் புள்ளைங்கதாம்மா" என்று சிரித்தார். "கேட்டு வராங்க. முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நன்றாகவே வைத்துக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும். "இதுல பாதிப் பேரோட பேரு எனக்கு ஞாபகம் இல்ல. அவங்களும் ஃபீஸ் குறைக்கத்தான் வருவாங்க. ஒருத்தனாவது போன் பண்ணி, ஞானப்பா, சாப்ட்டீங்களான்னு கேட்டதில்ல. இவனாவது கேக்கறானா பாப்போம்."

பேசிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தோப்பு வேலைய நீங்களே எடுத்துக்குங்க ஜோஸ்வின். இனி நீங்க வெளியாள் இல்லையே" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பழத்தட்டை ஆண்டனி சார் மேஜை மேல் வைத்தேன்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. வட்டம் முழுக்கக் கோட்டோடு வந்துவிட்டது. சென்னப்பன் வேட்டி கட்டி, அதற்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். எந்தச் சாமியாக இருந்தாலும் கும்பிடுகிற மனிதர், கைகட்டி முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். குட்டிக்கு ஆண்டனி சார் அனுப்பிவைத்த பெங்களூர் உடுப்பு. அண்ணன் வாங்கிய உடுப்பை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். வீட்டில் விட்டுவர மனசு வரவில்லை.

அண்ணன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பூசை முடியும்போது திரும்பிப் பார்த்தால் கடைசித் தூணோரம் காக்கிச் சட்டையோடு நிற்கிறான். இரண்டு பஸ் டிரிப்புக்கு நடுவில் வந்திருக்கிறான். கழுத்தில் விசில் கயிறு தொங்கியது. அண்ணி வரவில்லை.

ஆண்டனி சாரும் வரவில்லை. சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நிற்கின்றனவாம். ஃபாதருக்கு அடுத்த ஊரில் ஒரு பூசை இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாதவராஜ் உடனே வீடியோ கால் போட்டு போனைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள்ளிருந்து ஆண்டனி சார், "எனக்காக நிறுத்தாதீங்க ஃபாதர், யாராச்சும் எனக்குப் பதிலா நிக்கட்டும்" என்றார்.

"பதிலா ஒருத்தர் நிக்கலாம்" என்றார் ஃபாதர். "ஆனா புத்தகத்துல ஞானத்தகப்பன்னு அவர் பேருதான் வரும். நிக்கறவர் நம்ம சனமா, ஞானஸ்நானம் வாங்கினவரா இருக்கோணும்."

கோட்டுப் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் எங்கள் சனம் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் மெதுவாகக் கோவிலின் பின்பக்கம் திரும்பினார். வேண்டாம், அவனைக் கேக்காதீங்க என்று மனத்துக்குள் கத்தினேன்.

"மச்சான்" என்றார். "கொஞ்சம் வந்து புடிங்க."

கேட்டால் மறுக்கக் கூடாது. அண்ணன் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை. கையை நீட்டினான். நான் குட்டியை அவன் கையில் வைத்தேன்.

ஃபாதர் குனிந்து எங்கள் இருவரிடமும் தணிந்த குரலில் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரியும். "பெத்தவங்க நீங்க. இப்பச் சொன்னாலும் பேரை மாத்தி எழுதிடறேன். சொல்லுங்க, யாரு?"

ஒரு பெயர் சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மாதவராஜ் பிடித்திருந்த போனில் ஆண்டனி சார் முகம். அவர் கார் கண்ணாடி மேல் சாய்ந்துகொண்டு, "பையன் பேரு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தோப்பு முழுக்க மாமரங்கள் எனக்குக் கண்ணில் தெரிந்தன. மாதேஷ் காத்துக்கொண்டிருந்த சீட்டு தெரிந்தது. நாக்கு எழவில்லை. என் அண்ணன் பெயரைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

ஃபாதர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றான் அண்ணன். எல்லோர் குரலையும் விட அவன் குரல்தான் பலமாகக் கேட்டது. பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய குரல். "இந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு உதவியாக இருப்பீர்களா?" என்று கேட்டதற்கு மட்டும் அவன் குரல் இறங்கிவிட்டது. "இருப்பேன், ஃபாதர்" என்றான். தலையில் தண்ணீர் ஊற்றியபோது குட்டி வீறிட்டு அழுதான். அண்ணன் அவன் காதோரம் என்னவோ சொன்னான், அழுகை நின்றது. போனுக்குள்ளிருந்து ஆண்டனி சார் கை தட்டினார். அதைக் கேட்டு வட்டம் முழுக்க எழுந்து கோவிலுக்குள் கை தட்டியது.

புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வெளியே வந்தபோது மாதவராஜ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையா செஞ்சீங்க சார். நீங்க டிரான்ஸ்போர்ட்டா? நம்ம வட்டத்துல டிரான்ஸ்போர்ட் சீட்டு காலியாத்தான் இருக்குது" என்று விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார்.

அண்ணன் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "எனக்கு எதுக்குங்க சீட்டு? நான் நின்னுக்கிட்டே போறவன்" என்றான். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். பிரியாணி சாப்பிடவில்லை. நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும்.

தோப்பு வேலை வந்தது. என் வீட்டுக்காரர் வட்டத்தில் எழுந்து நின்று மணி அடித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. மாதங்கள் போயின. வேப்பமரத்துப் பேனரை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் ஆண்டனி சார் அந்த வழியாகப் போகும்போது என்ன நினைப்பார்? கட்டியது வட்டத்து ஃபிளெக்ஸ்காரர், அவர் என்ன நினைப்பார்? வெயிலில் குட்டியின் முகம் முதலில் வெளுத்துப் போயிற்று.

அண்ணன் பஸ் முன்போலவே எங்கள் கடைக்கு எதிரே நின்றது. ஒரு நாளும் நிற்காமல் போனதில்லை. ஆனால் படியிலிருந்து அவன் கத்துவது மாறிவிட்டது. "பேனர் ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" சனமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்பேன். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

போன வாரம் குட்டிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் பஸ்ஸிலேயே ஏறினேன். அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகும் நான் அண்ணன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து போகிறவள்தான். ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஏறவில்லை. கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவன் என்னிடமும் நின்றான். என்னிடம் அவன் டிக்கெட் கேட்டதே கிடையாது.

"எங்க போகோணுங்க?" என்றான்.

'ங்க' போட்டுக் கேட்டான். என்னைப் பாப்பா என்று தவிர வேறு எதுவும் சொல்லி அவன் கூப்பிட்டதில்லை. எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"ஜெனிஷா கடைக்கு" என்றேன்.

"பேனர் ஸ்டாப்புங்களா" என்று டிக்கெட்டைக் கிழித்தான். நான் காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அவன் திரும்பப் போனபோது குட்டி எட்டி அவன் கழுத்து விசிலைப் பிடித்துவிட்டான். பிடித்த வேகத்தில் வாயில் வைத்துக்கொண்டான்.

அண்ணன் குனிந்தபடியே நின்றான். "வுடுடா" என்றான். குட்டி சிரித்தான். அண்ணன் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்; ஒன்றை எடுத்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. பலமாக இழுக்க அவனுக்கு மனசு வரவில்லை. முன்னாலிருந்து சனம் கத்தியது.

"கண்டக்டரு, ஸ்டாப்பு வருது! விசில் அடிங்க!"

விசில் அடித்தால்தான் டிரைவர் நிறுத்துவார். விசில் குட்டி வாயில் இருந்தது. பஸ் எங்கள் கடையைத் தாண்டியது. ஜன்னல் வழியாக ஆண்டனி சாரின் கூப்பிய கைகள் போயின. அதற்குக் கீழே என் வீட்டுக்காரர், நாங்கள் இறங்குவோம் என்று ரோட்டோரம் வந்து நின்றவர், ஒன்றும் புரியாமல் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. அந்தக் கொஞ்ச தூரம் பஸ் இப்படியே போகட்டும் என்றிருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் அதே கடைக்குத்தான் திரும்பி நடக்க வேண்டும், தெரியும்.

குட்டியின் எச்சில் அண்ணன் காக்கிச் சட்டையில் ஒழுகியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுடறேன், பாப்பா" என்றான்.